ஒரு வருடம் குறைந்த படிப்பு

பார்மசி படிப்பில் சேர எனக்கு மார்க் இருந்தது, வயது இருந்தது, ஆசை இருந்தது. ஒரு வருடம் மட்டும் குறைந்தது. அந்த ஒரு வருடத்தை எங்கள் வீட்டு ஆண்கள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே மிச்சம் பிடித்தார்கள். அதைத்தான் எழுதுகிறேன். எழுதினால் மனசு ஆறும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு எழுத எழுதக் கோபம்தான் வருகிறது.

எங்கள் ஊர் மீனாட்சிபுரத்துக்குப் பக்கம். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. நிலம், ரேஷன் கார்டு, ஓட்டு, கோர்ட்டு எல்லாம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில். சந்தை, சினிமா, துணிக்கடை, பல் பிடுங்குவது, பெண் எடுப்பது, கொடுப்பது எல்லாம் பொள்ளாச்சியில். வாயைத் திறந்தால் கோயமுத்தூர்ப் பேச்சு. சர்க்காரிடம் இருந்து வருகிற தாள் மட்டும் மலையாளத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஊரில் இரண்டு பேர்தான் உண்டு, இரண்டு பேரும் ஆளுக்கொரு மாதிரி படிப்பார்கள்.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு ஒரு புத்தி வந்துவிடும். எந்தச் சாமானாக இருந்தாலும் செக்போஸ்ட் கம்பிக்கு எந்தப் பக்கம் தள்ளினால் லாபம் என்று பார்க்கிற புத்தி. தேங்காய் அந்தப் பக்கம் போகும். வைக்கோல் இந்தப் பக்கம் வரும். பாலுக்கு எந்தப் பக்கம் விலை ஏறுகிறதோ அந்தப் பக்கம் கேனைத் திருப்புவார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது, தமிழ்நாட்டில் இருந்து அரிசி கொண்டுவரத் தடை. பெண்கள் அரிசியைத் துணிப்பையில் போட்டு வயிற்றில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார்கள். ஒருமுறை செக்போஸ்ட்காரன் ஒரு கிழவியைப் பார்த்து, "எத்தனையாவது மாசம்?" என்று கேட்டான். அவள் கொஞ்சமும் அசராமல், "உன்ற சம்பளம் எப்ப வருதோ அப்பப் பொறக்கும் சாமி, வழிய உடு" என்றாள். பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு வழி விட்டான். இதையெல்லாம் நான் குற்றமாகச் சொல்லவில்லை. பிழைக்கிறவர்கள் பிழைக்கத்தான் செய்வார்கள். ஆனால் அதே புத்தியை என் படிப்பிலும் காட்டினார்கள்.

பார்மசி என்ற சொல்லை நான் முதலில் கேட்டது பக்கத்து ஊர் அரசு ஆஸ்பத்திரியில். அங்கே மருந்து கொடுக்கிற இடத்தில் கம்பி வலை போட்ட ஜன்னல் இருக்கும். அதற்குப் பின்னால் கோட்டயம் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பெண் நின்றிருப்பார். வெள்ளைக் கோட்டு, ஒற்றைச் சங்கிலி, பொட்டு கிடையாது. மீசை முறுக்கிய ஆட்கள் எல்லாம் ஜன்னலுக்கு முன்னால் குனிந்து நிற்பார்கள். அவர் பாட்டிலைத் தூக்கிக் காட்டி, "ஆகாரம் கழிஞ்சிட்டு. மூணு நேரம். கேட்டோ?" என்பார், சாப்பிட்ட பிறகு மூன்று வேளை என்று. "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டுவார்கள். எங்கள் அப்பாவும் அப்படித் தலையாட்டியதை நான் பார்த்தேன். எங்கள் வீட்டில் அம்மா சொன்ன எதற்கும் அப்பா ஒரு நாள்கூடத் தலையாட்டியதில்லை. அந்த ஜன்னலுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நோயாளிகளுக்குச் சேவை செய்யும் எண்ணம் எல்லாம் இல்லை. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

பத்தாவது முடிக்கிற வருடம் அந்த ஜன்னலுக்குப் போய், "இந்த வேலைக்கு என்ன படிக்கோணுங்க?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டத்தையும் பார்த்தார். "ப்ரீடிகிரி. செகண்ட் குரூப். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி. ரெண்டு கொல்லம். அது ஜயிச்சால் பார்மசிக்கு அப்ளிக்கேஷன்" என்றார். கொல்லம் என்றால் வருடம். அவ்வளவுதான். அதற்கு மேல் அவரிடம் நான் பேசியதும் இல்லை, அவருக்கு என் முகம் ஞாபகம் இருந்திருக்கவும் வழி இல்லை.

அவர் சொன்னதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். சித்தூரில் கல்லூரி இருந்தது. பஸ் இருந்தது. அப்பாவும் முதலில் தடை சொல்லவில்லை. அந்த வாரம் பொள்ளாச்சியில் இருந்து மாமா வந்தார். அம்மாவுக்கு மூத்த அண்ணன். புண்ணாக்கு வியாபாரம். எங்கள் வீட்டில் எதையும் அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் முடிக்க மாட்டார்கள்.

"ரெண்டு வருசமா?" என்றார் மாமா. "பொள்ளாச்சில பி.யு.சி. ஒரே வருசம். அதையே எதுக்கு ரெண்டு வருசம் இழுக்கோணும்?"

"அது வேற, இது வேறங்க மாமா" என்றேன்.

"என்ன வேற? கெமிஸ்ட்ரி அங்கயும் கெமிஸ்ட்ரிதான. மலையாளத்துல வேற உப்பு, தமிழ்நாட்டுல வேற உப்பா?" அப்பா பக்கம் திரும்பினார். "மாப்ள, தேங்காய எங்க போடறீங்க?"

"பொள்ளாச்சிலதான்."

"ஏன்?"

"வெல நல்லாருக்குது."

"அப்பறம் என்ன. படிப்புக்கும் அதே கணக்குத்தான். ஒரு வருசம் லாபம். ஊடும் இருக்குது, எங்கூட்டுல இருந்து போயிட்டு வரட்டும். சித்தூருக்குப் போனா மலையாளத்துப் புள்ளைகளோட உக்காந்து முழிச்சுட்டு இருக்கோணும்."

அப்பா சிரித்தார். பெரிய யோசனை ஒன்று கிடைத்துவிட்ட சிரிப்பு. அம்மா காப்பி டம்ளரை எடுக்க வந்தாள். "ஒரு வருசத்துல முடிஞ்சா நல்லதுதான" என்று அவளும் சொன்னாள். சொன்னவர்களில் ஒருவர்கூடப் பத்தாவது தாண்டியவர் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் சொன்ன "ரெண்டு கொல்லம்" என்பதை ஒரு ஆளுக்கும் திரும்பக் கேட்கத் தோன்றவில்லை. பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். போய்க் கேட்டிருக்கலாம். எருமைக்கு ஜோடி பார்க்க உடுமலை வரைக்கும் போகிற ஆட்கள்தான்.

பொள்ளாச்சியில் சேர்ந்தேன். வகுப்பில் இருந்த மற்றப் பெண்கள் எல்லோரும் பதினொன்று முடித்து வந்தவர்கள். தமிழ்நாட்டில் அப்போது பள்ளி பதினொரு வருடம், அதற்கு மேல் பி.யு.சி. ஒரு வருடம். கேரளத்தில் பள்ளி பத்து வருடம், அதற்கு மேல் ப்ரீடிகிரி இரண்டு வருடம். இரண்டு பக்கமும் கூட்டினால் பன்னிரண்டு. நான் அங்கே பத்தை முடித்துக்கொண்டு இங்கே ஒன்றைப் படிக்க வந்தவள். கேரளத்தில் பத்தோடு பள்ளி முடிந்துவிடுகிறது என்று சேர்த்துக்கொண்டார்கள். கூட்டிப் பார்க்க எனக்கும் அப்போது தோன்றவில்லை. பதினாறு வயதில், ஒரு வருடம் சீக்கிரம் வந்துவிட்டோம் என்று கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

படிப்பு பிடித்திருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கோபத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். பாடம் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில். கெமிஸ்ட்ரி லேபில் அழுகிய முட்டை நாற்றம் எப்போதும் இருக்கும். மற்றப் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள். எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஒரு பொட்டலத்தில் ஏதோ உப்பைக் கொடுத்து, என்ன உப்பு என்று கண்டுபிடி என்பார்கள். கரைத்து, காய்ச்சி, ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றிப் பார்க்க வேண்டும். சோதனைக் குழாயைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக ஆசிட்டை இறக்கினால், இரண்டு திரவமும் சேருகிற இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் வரும். வந்தால் நைட்ரேட். கை ஆடினால் வளையம் கலைந்துவிடும். என் கை ஆடாது. பால் கறந்த கை.

தவளை அறுக்கிற நாளில் பாதி வகுப்பு அழுதது. பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "மலையாளத்துக்காரி, உனக்கென்ன, நீங்கதான் தவளையவே திங்கறவங்களாச்சே" என்றாள். "உன்ற தவளையவும் குடு, அறுத்துக் குடுக்கறேன். திங்கறதுன்னா நீயே தின்னுக்க" என்றேன். அவளுக்கும் சேர்த்து அறுத்துக் கொடுத்தேன். வருடம் முழுக்க நான் அங்கே மலையாளத்துக்காரியாகத்தான் இருந்தேன்.

நல்ல மார்க்கில் பாஸானேன். மாமா கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார்.

கோழிக்கோட்டுக்கு அப்பாவும் நானும் போனோம். பார்மசி படிப்புக்கு விண்ணப்பம் கொடுக்கிற அலுவலகம் அங்கே. பாலக்காட்டில் ரயில் ஏறினோம். அப்பா வெள்ளை வேட்டி சட்டை போட்டு, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்தார். வழியெல்லாம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, எந்த வயலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா வயதானவர். மோசமானவர் என்று சொல்ல முடியாது. என் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். புருவத்தைச் சுருக்கினார். எங்களுக்காகத் தமிழைக் கலந்து பேசினார்.

"ஸ்கூல் எவிடெ?"

"சித்தூர் தாலூக்குங்க" என்றார் அப்பா.

"பத்து வரை?"

"ஆமாங்க."

"பின்னெ இது?"

"பொள்ளாச்சிங்க. பி.யு.சி. நல்ல மார்க்குங்க."

குமாஸ்தா விரலை விட்டு எண்ணினார். "பத்தும் ஒண்ணும் பதினொண்ணு. இவிடெ பன்ரண்டு வேணம். ஒரு கொல்லம் குறவாணு."

ஒரு வருடம் குறைகிறதாம். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த இடத்திலேயே, அவருடைய விரலைப் பார்த்தபடியே, முழுவதும் புரிந்துவிட்டது. அப்பாவுக்குப் புரியவில்லை.

"பாடம் அதேதானுங்களே?"

"பாடம் அதாயிரிக்கும். கொல்லம் போரா." பாடம் அதேதானாம், வருடம் போதாதாம்.

"அப்படின்னா ரெண்டாவது வருசத்துல சேத்துக்குங்க. ஒண்ணுதான் முடிச்சுட்டாளே."

"அங்ஙனெ ஒரு வழி இல்ல. ப்ரீடிகிரி ஆத்யம் முதல் படிக்கணம்." முதலில் இருந்து படிக்க வேண்டும். பிறகு என்னைப் பார்த்து மெல்ல, "ஆரா மோளே பறஞ்ஞது, அவிடெப் போயிப் படிக்கான்?" என்றார். அங்கே போய்ப் படிக்கச் சொன்னது யார் என்று கேட்டார். அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். நான் தாள்களை அடுக்கிப் பையில் வைத்தேன்.

திரும்பி வரும்போது அப்பா நேந்திரங்காய் வறுவல் வாங்கிக் கொடுத்தார். நான் தொடவில்லை. ஷொர்ணூர் தாண்டியதும், "அவனொரு மலையாளத்தான். நம்ம ஆளுன்னா உட்டிருப்பான்" என்றார். கோபம் தலைக்கு ஏறியது. "அவரு கூட்டிப் பாத்தாருங்கப்பா. நீங்க ஒருத்தரும் கூட்டிப் பாக்கல" என்றேன். அதற்குப் பிறகு பாலக்காடு வரும்வரை வயலைப் பற்றிப் பேச்சு இல்லை.

மாமா தோல்வியை ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. கேரளத்தில் இல்லை என்றால் தமிழ்நாட்டில் சேர்த்துவிடலாம் என்று கிளம்பினார். அங்கே பார்மசிக்கு பி.யு.சி. போதும். ஆனால் தமிழ்நாட்டைச் சேர்ந்தவள் என்று தாசில்தார் சான்றிதழ் வேண்டும்.

"அதுக்கென்ன" என்றார் மாமா. "உங்கூட்டு ரேசன் கார்டுல இவ பேர வெட்டிட்டு, எங்கூட்டுக் கார்டுல சேத்துடறேன். ஒரு வருசமா எங்கூட்டுல இருந்துதான படிச்சா. பொய்யா சொல்றோம்? மணியக்காரரு நம்ம கடைல புண்ணாக்கு வாங்கறவரு. எழுதிக் குடுத்துருவாரு."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அப்பாவைப் பார்த்தேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

"பேர வெட்ட முடியாது மச்சான்" என்றார்.

"ஏன்?"

"லேண்டு போர்டு இருக்குதல்லோ."

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். அப்போது கேரளத்தில் நில உச்சவரம்பு வந்திருந்தது. ஒரு குடும்பம் இவ்வளவுதான் நிலம் வைத்துக்கொள்ளலாம், மிச்சத்தைச் சர்க்கார் எடுத்து நிலம் இல்லாதவர்களுக்குக் கொடுக்கும். அது நியாயமான சட்டம். எங்கள் வயலில் தலைமுறையாகக் குனிந்து நாற்று நட்டவர்களுக்குக் குடிசை போட ஓரடி மண் கிடையாது. எனக்குச் சட்டத்தின் மேல் கோபம் இல்லை. சட்டத்தில் ஒரு கணக்கு இருந்தது. குடும்பத்தில் ஐந்து பேருக்கு மேல் இருந்தால், கூடுதலான தலை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏக்கர் கூட வைத்துக்கொள்ளலாம். நாங்கள் அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள், ஒரு தங்கை. ஆறு பேர். பிள்ளைகளில் மூத்தவள் நான். ஆனால் போகக்கூடியவள் நான் மட்டும்தான் என்பதால், கணக்கில் ஆறாவது தலையும் நான்தான்.

அந்த ஒரு ஏக்கர் கிணற்றோடு சேர்ந்த தென்னந்தோப்பு. அது போனால் மற்ற நிலத்துக்குத் தண்ணீர் இல்லை. லேண்டு போர்டில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. பெண் தமிழ்நாட்டுக்காரி என்று அங்கே ஒரு தாசில்தார் எழுதிக் கொடுத்தால், இங்கே அதை எடுத்துக் காட்ட ஊரில் ஆட்கள் இருந்தார்கள். சட்டப்படி எந்தத் தேதிக்கு ஆள் எண்ணுவார்கள் என்று சித்தூர் வக்கீலுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. எதற்கு வம்பு, விசாரணை முடியும் வரை பெண் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார்.

மாமா வாயை மூடிக்கொண்டார். நிலம் என்றதும் எல்லோருக்கும் வாய் மூடிக்கொள்ளும்.

நான் மூடவில்லை. "என்னைய எதுக்குக் கேக்காம எண்ணினீங்க?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"பெத்த புள்ளைய எண்ணறதுக்கு அதுங்கிட்டயே கேக்கோணுமா?"

"சீட்டு போயிருமுங்கப்பா."

"சீட்டு அடுத்த வருசமும் வரும். மண்ணு வராது."

அம்மா அடுப்படியில் இருந்து வந்தாள். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நினைத்தேன். "உன்ற தம்பிக சோத்துல மண்ணப் போட்டுட்டுப் போயி என்ன அம்மிணி படிக்கப் போற?" என்றாள். கத்தவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

தமிழ்நாட்டு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். மணியக்காரரிடம் பேசிவைத்தார். சந்தைக்கு அம்மாவோடு போனபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கார்டுல பேர வெட்டறத அப்பறம் பாத்துக்கலாம். யாராச்சும் கேட்டா பொள்ளாச்சிலதான் இருக்கறேன்னு நீ சொல்லு, போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். அவருடைய தப்பை அவரே சரிசெய்யப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வாயால் ஒத்துக்கொள்ளத்தான் அவருக்கு வரவில்லை.

இரண்டு நாள் கழித்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். முன்கூட்டியே சொல்லவில்லை. வெயில் உச்சியில் இருந்தது. கூட ஒரு பியூன். வேலிக்கு வெளியே எங்கள் வயலில் வேலை செய்கிற இரண்டு பேர் நின்றார்கள். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆட்கள். அதில் ஒருவருடைய மனைவிதான் எங்கள் வீட்டில் களை எடுக்க வருவாள். எனக்கு அவர்கள் மேலும் கோபம் இல்லை. அவர்கள் அந்த ஏக்கருக்காக நின்றார்கள். அப்பாவும் அந்த ஏக்கருக்காகத்தான் நின்றார். எனக்கு ஏக்கர் வேண்டாம், சீட்டு வேண்டும். ஆனால் என்னை எண்ணினால் அப்பா ஜெயிப்பார், எண்ணாவிட்டால் அவர்கள் ஜெயிப்பார்கள்.

இன்ஸ்பெக்டர் இளநீர் குடித்தார். தாளை விரித்தார். அப்பா, அம்மா, தம்பிகள், தங்கை என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் கோடு போட்டார். தம்பிகளைப் பள்ளிக்கு ஆள் விட்டு வரவழைத்தார்கள். வேலிக்கு வெளியே நின்றவர், "பெரிய புள்ள பொள்ளாச்சில இருக்குதுங்க சார். அவிங்க மாமன் ஊட்டுல" என்றார்.

"நீ பாத்தயா?" என்றார் அப்பா.

"ஒரு வருசமா வாராவாரம் பஸ்ஸுல பாத்தமுங்க கவுண்டரே. பஸ்ஸுல போறது ஊருக்கே தெரியும். மறைக்கறதுக்கு அதென்ன அரிசிப் பையா?"

பியூன் சிரித்தான். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "குட்டி எவிடெயா தாமசம்?"

எங்கே குடியிருக்கிறாய் என்ற கேள்வி. ஒரே ஒரு சொல்லில் பதில். பொள்ளாச்சி என்றால் மணியக்காரர் தயார், தாசில்தார் தயார், விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கேஸ் முடியட்டும் அம்மிணி. சித்தூர்லயே ரெண்டு வருசம் படிச்சுக்க. நானே கொண்டு போயி உடறேன்" என்றார். அப்பா என்னிடம் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். தம்பிகள் இரண்டு பேரும் அரை டிரவுசரோடு, ஏதோ பரீட்சைக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள்.

"இங்கதானுங்க" என்றேன்.

கோடு போட்டார். ஆறு பேர். வேலிக்கு வெளியே நின்றவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவருடைய மனைவி அதற்குப் பிறகு களை எடுக்க எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

தமிழ்நாட்டு விண்ணப்ப நாள் முடிந்தது. சித்தூர் கல்லூரியில் சேர்க்கிற ஜூன் வந்தது. போகலாமா என்று கேட்டேன். அப்பா வக்கீலைக் கேட்டார். சேர வேண்டும் என்றால் கடைசியாகப் படித்த பொள்ளாச்சிக் கல்லூரியின் டி.சி.யைக் காட்ட வேண்டும், அதை இப்போது கேரளத்து சர்க்கார் கல்லூரியில் கொண்டுபோய் நீட்டாதீர்கள் என்று வக்கீல் சொன்னாராம். "கேஸ் முடியட்டும்" என்றார் அப்பா. அடுத்த ஜூன் வந்தது. கேஸ் முடியவில்லை. "முடியட்டும்" என்றார். இதற்கு நடுவில் உடுமலைப் பக்கத்தில் இருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. அவர்கள் அவசரப்பட்டார்கள். கல்யாணமும் நடக்கவில்லை. கல்யாணம் ஆனாலும் தலை ஒன்று குறைந்துவிடும். "ஜாதகத்துல நேரம் செரியில்லீங்க, கொஞ்சம் பொறுங்க" என்று அம்மா அவர்களிடம் சொல்லிவைத்தாள்.

ஆக, படிக்கவும் விடாமல், கட்டிக்கொடுக்கவும் செய்யாமல், வீட்டில் வைத்து என்னை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மாடு கழுவினேன். தங்கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். முதல் ஜூனில் சித்தூருக்குப் போயிருந்தால் இந்த இரண்டு வருடத்தில் ப்ரீடிகிரி முழுதாக முடிந்திருக்கும். அதை அப்பாவிடம் சொன்னபோது, "அது இப்ப பேசி என்ன பிரயோசனம்?" என்றார்.

ஒரு நாள் மத்தியானம் அப்பா சித்தூரில் இருந்து ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்தார். தோப்பு நமக்குத்தான் என்றார். தம்பிகள் ஜிலேபிக்குச் சண்டை போட்டார்கள். (அந்தத் தோப்பு இப்போது அவர்கள் இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவர்களும் கொடுக்கவில்லை.) எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, "சித்தூருக்கு எப்பப் போலாமுங்கப்பா?" என்றேன்.

அப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. "எதுக்கு?"

"ப்ரீடிகிரிக்கு. கேஸ் முடிஞ்சா சேத்து உடறேன்னீங்க."

"இன்னுமா அம்மிணி? உடுமலக்காரங்க எத்தன நாளைக்குப் பொறுப்பாங்க? பி.யு.சி. படிச்ச புள்ளன்னுதான அவங்களே காத்துட்டு இருக்கறாங்க." பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அவங்ககிட்டச் சொல்லி உடறேன். அவங்க ஊட்டுல படிக்க வெப்பாங்க" என்றார்.

அடுத்த மாதம் கல்யாணம். தாலி கட்டிய வாரத்திலேயே ரேஷன் கார்டில் என் பெயரை வெட்டினார்கள். ஒரே நாளில் முடிந்த காரியம். உடுமலைக் கார்டில் சேர்ந்தது. நானும் தமிழ்நாட்டுக்காரி ஆனேன். யாரும் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

என் வீட்டுக்காரர் பஞ்சு வியாபாரம். கை நீட்டாதவர், குடிக்காதவர். அவரிடம் ஒரு நாள் முழுக் கதையையும் சொன்னேன். இப்போது எனக்குச் சான்றிதழ் கிடைக்கும், இங்கே பி.யு.சி. போதும், விண்ணப்பம் போடலாமா என்று கேட்டேன். அவர் கவனமாகக் கேட்டார். கேலி செய்யவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றார். விசாரிக்கவும் செய்தார். பத்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர், சந்தோஷமாக இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"உன்ற காரியம் முடிஞ்சுது" என்றார்.

எனக்குக் கையில் இருந்த கரண்டி நின்றது.

"பஸ் ஸ்டாண்டுக்கிட்ட ஒரு கடை பேசிட்டேன். மெடிக்கல் ஷாப்பு. பார்மசி படிச்ச ஒரு ஆளு அவரு சர்ட்டிபிகேட்ட மாசத்துக்கு இவ்வளவுன்னு குடுக்கறாராம். எல்லாரும் அப்படித்தான் நடத்தறாங்க. அவரு வரவே வேண்டியதில்ல. சர்ட்டிபிகேட்டக் கண்ணாடி போட்டு மாட்டிக்கலாம். நீ உள்ள நின்னு மருந்தெடுத்துக் குடு."

"நான் படிக்கலீங்களே."

"பி.யு.சி. படிச்சிருக்கறயல்லோ. மருந்துச் சீட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு படிக்கத் தெரிஞ்சா பத்தாதா?"

"அந்தச் சர்ட்டிபிகேட்டுல எம்பேரு இருக்காதுங்க."

"பேர ஆரு பாக்கறா?" அவருக்கு உண்மையாகவே வருத்தம். எனக்காக அலைந்துவிட்டு வந்திருந்தார். "மருந்துக்கடைக்குள்ள நிக்கோணும்னுதான கேட்ட?"

"படிக்கோணும்னு கேட்டனுங்க."

அவர் ரசம் ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினார்.